அரை இன்ச் மாஸ்டரின் கப்பல் கோட்டு

அத்தான் ஒரு நாள் கடைக்கு லீவு விட்டார் என்று சொன்னாலே எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே அடுத்தவனுக்குக் கால்சட்டை வெட்டிய மனிதர் அவர். அப்படிப்பட்டவர் ஒரு காலை கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "சின்னவளே, நானும் உங்க அக்காவும் கப்பல்ல போறோம். டிக்கெட் போட்டாச்சு. கடையை நீதான் பாத்துக்கணும்" என்றார்.

"எந்தக் கப்பல்ல?"

"உலகத்தைச் சுத்துற கப்பல்லதான். அடுத்த மாசம் கிளம்புது. திரும்பி வர நாலு மாசத்துக்கு மேல ஆகும்."

என் கையிலிருந்த பட்டன் டப்பா நழுவி விழுந்து கடை முழுக்க உருண்டது. பொறுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவர் விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். பேயறைந்த மாதிரி இருந்தது முகம். உல்லாசப் பயணம் போகிறவன் முகமா அது?

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். தையல் கடை அவருடையது. வெட்டுவதும் தைப்பதும் அவர். காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, ஓரம் அடிப்பது, வந்தவர்களோடு மல்லுக்கட்டுவது எல்லாம் நான். தெருவில் அவருக்கு 'அரை இன்ச் மாஸ்டர்' என்று பெயர். எதைத் தைத்தாலும் தையலுக்கு உள்ளே அரை இன்ச் துணியாவது கூடுதலாக விட்டுவைப்பார். "உள்ள துணி விட்டிருக்கேன். நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்கலாம்" என்பார். கல்யாணக் கோட்டு தைக்க வந்த மாப்பிள்ளையிடம், பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "தொப்பைக்கு இடம் விட்டிருக்கேன் தம்பி, கவலைப்படாதீங்க" என்று சொன்னவர். அந்தப் பெண் அன்றைக்கு அவனை மேலும் கீழும் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அக்காவுக்குப் படகுத்துறையில் வேலை. சின்னக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அக்கரைக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் கொடுப்பாள். படகு இந்தக் கரையில் கிளம்பி அந்தக் கரையில் முட்டுவதற்குள் ஒரு பாட்டுக்கூட முழுசாகப் பாட முடியாது. ஆனால் அந்தக் கூண்டிலிருந்து பார்த்தால் பெரிய துறைமுகம் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை உலகம் சுற்றும் கப்பல் வந்து நிற்கும். அது வந்த நாளில் அக்காவுக்கு மீதிச் சில்லறை சரியாகக் கொடுக்க வராது.

அவர்கள் மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே அந்தக் கப்பலில் போவது என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். கப்பல் கம்பெனிக்காரன் கொடுத்த படத்தில் சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார்களாம். உடனே அத்தான் நல்ல நீலத் துணியில் தனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று என இரண்டு கோட்டு வெட்டிவிட்டார். டிக்கெட்டுக்கு முன்னால் கோட்டு! அதற்குப் பிறகு மகள் படிப்பு முடியட்டும் என்றார். படிப்பு முடிந்தது. கல்யாணம் முடியட்டும் என்றார். அதுவும் முடிந்தது. பிரசவம் என்றார், புது மிஷின் என்றார். கடைசியில், "அறுபத்தஞ்சு ஆகட்டும். கடையைக் குடுத்துட்டு நிம்மதியா போகலாம்" என்று ஒரேயடியாகத் தள்ளி வைத்துவிட்டார். பணம் இல்லாமல் இல்லை. அது பாங்கில் சும்மா தூங்கிக்கொண்டிருந்தது.

அக்கா சண்டை போட்டுப் பார்த்தாள். "அந்தக் கப்பல்லருந்து இறங்கறவங்களை நான் பாக்கறேங்க. பாதிப் பேரு படியிலயே நின்னு மூச்சு வாங்கறாங்க. ஊர் பாக்க வந்தவங்க எங்க துறையில இருக்கற பெஞ்சைப் பாத்துட்டுத் திரும்பிப் போறாங்க. கால் இருக்கும்போது போகணுங்க."

"கால் எங்க போகப் போகுது?" என்பார் அத்தான்.

அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு வருடமும் கடையில் வேலை மந்தமாகிற மாதத்தில், பெட்டியிலிருந்து இரண்டு கோட்டையும் எடுப்பார். அக்காவை நிற்க வைத்து அளப்பார். அந்த வருடம் அவள் எவ்வளவு பெருத்திருக்கிறாளோ அவ்வளவு பிரித்துவிட்டுத் தைப்பார். துணி போதாமல் போனால் அதே நிறத்தில் தேடி வாங்கி ஒட்டுப் போடுவார். கோட்டு எப்போதும் தயார். போவதுதான் பாக்கி. இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சலே போய்விட்டது.

அதனால்தான் அன்று காலை எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போட்டது.

"அத்தான், என்ன நடக்குது? அறுபத்தஞ்சுக்கு இன்னும் எவ்வளவோ இருக்கே" என்றேன்.

அவர் கடைக் கதவைப் பாதி சாத்தினார். "உங்க அக்காகிட்ட மூச்சு விடக்கூடாது. சத்தியம் பண்ணு."

"சத்தியமெல்லாம் அப்புறம். விஷயத்தைச் சொல்லுங்க."

"அவ இளைச்சிட்டா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இளைச்சா நல்லதுதானே? நானும்தான் முயற்சி பண்றேன், எங்க நடக்குது!"

"சிரிக்காத. மார்புல ஒன்றரை இன்ச் குறைஞ்சிருக்கு. இடுப்புலயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அவ அளவு பின்னால போனதில்ல. சாப்பாடு குறையல. நடை கூடல. சும்மா இருக்கற உடம்பு இப்படிக் கரையுமா?" அவர் குரல் உள்ளே போய்விட்டது. "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. போட்ட துணியெல்லாம் தொளதொளன்னு ஆகுதுன்னாங்க. நான்தான் பிடிச்சுத் தச்சுக் குடுத்தேன். நல்லா இளைச்சிட்டீங்கம்மான்னு கேலி வேற பண்ணேன். அடுத்த மழைக்கு அவங்க இல்ல."

அக்காவா? நேற்று என் தட்டிலிருந்து இரண்டு வாய் பிடுங்கித் தின்றவளா?

"தப்பா அளந்திருப்பீங்க அத்தான்."

"மூணு தடவை அளந்தேன். டாக்டர் பொய் சொல்லலாம், ஆளு பொய் சொல்லலாம். டேப் சொல்லாது."

அப்படிச் சொல்லிவிட்டுக் கழுத்தில் கிடந்த டேப்பைத் தடவிக்கொண்டார். அவர் தொழில் கற்ற நாளில் வாங்கிய துணி டேப் அது. புதிதாக வருகிறதெல்லாம் வழுக்குகிறது என்று வாங்கவே மாட்டார். தினமும் கடை சாத்தும்போது அதைச் சுருளாமல் ஆணியில் தொங்கவிட்டு, அடி முனையில் பெரிய கத்தரிக்கோலை மாட்டிவிட்டுத்தான் வீட்டுப் படி ஏறுவார். வீடு கடைக்கு மேல்மாடியில்தான்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் கன்னம் ஒட்டியிருக்கிற மாதிரி தெரிந்தது. கழுத்தெலும்பு முன்னால் இவ்வளவு துருத்திக்கொண்டா இருந்தது? அத்தான், கப்பலில் ஏறுவதற்கு டாக்டர் சான்று கேட்கிறார்கள் என்று பொய் சொல்லி அவளை அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். டாக்டர் எடை பார்த்துவிட்டு, "முன்னாடி எவ்வளவு இருந்தீங்க?" என்று கேட்டார். எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் கிலோவில் யோசிப்பதில்லை, எல்லாம் இன்ச்தான். ரத்தம், படம், மற்றது எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு உயிர் வந்தது. அத்தானுக்கு வரவில்லை.

"அவங்களுக்குப் பிடிபடல, அவ்வளவுதான். எங்க அம்மாவுக்கும் கடைசி வரைக்கும் பிடிபடல" என்றார் என் காதில்.

கடையில் அவருக்குக் கவனமே இல்லை. ஆனால் வேலைக்குக் குறைவில்லை. வேடிக்கை என்னவென்றால் அந்த வருடம் பழைய வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் இளைத்துக்கொண்டிருந்தார்கள். பேக்கரிக்காரர் கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். "போன தடவையைவிட இடுப்பு நல்லாக் குறைஞ்சிருக்கே, நடக்கறீங்களா?" என்று அத்தான் கேட்டதும் மனிதர் பூரித்துப்போய் ஒரு பெட்டி கேக் கொண்டுவந்து கொடுத்தார். ஊரே நடக்கிறது போலிருக்கிறது, என் அக்கா மட்டும் நடக்காமலே இளைக்கிறாளே என்று அந்த கேக்கைத் தின்றுகொண்டே நான் அழுதேன்.

அக்காவோ! அந்த ஒரு மாதம் அவள் இருந்த மாதிரி நான் அவளைப் பார்த்ததே இல்லை. படகில் ஏற வருகிற ஒவ்வொருவரிடமும், "அடுத்த மாசம் இந்தக் கூண்டுல வேற ஆள் இருப்பாங்க. நான் உலகத்தைச் சுத்தப் போறேன்" என்று டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்தாள். புதுச் செருப்பு வாங்கி வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்தாள். சந்தோஷத்தில் இரண்டு மடங்கு சாப்பிட்டாள்.

அத்தான் சாயங்காலமானால் கடையை என்னிடம் விட்டுவிட்டுப் படகுத்துறைக்குப் போக ஆரம்பித்தார். அக்கா அத்தனை வருடம் வேலை பார்த்த இடத்தில் அவர் ஒரு தடவைகூடப் படகேறியதில்லை. இப்போது அவளோடு அக்கரைக்குப் போய், இறங்காமல் அதே படகில் திரும்பி வந்தார். கேட்டால், "தண்ணி பழக்கம் வேணும்ல" என்றார்.

"உங்க அத்தானுக்கு என்னடி ஆச்சு?" என்று அக்கா ஒருநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "கல்யாணமான புதுசுலகூட இப்படி இருந்ததில்ல. நான் கேக்கவே இல்லடி. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுட்டேன். அவருக்கா தோணியிருக்கு. என்கூடப் போகணும்னு அவருக்கே தோணிடுச்சு, பாத்தியா!"

தலைவலி என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடிவந்து, விம்மல் வெளியே கேட்காமல் இருக்க மிஷினை ஓட்டினேன்.

கப்பல் கிளம்ப ஒரு நாள் இருக்கும்போது மகள் கைக்குழந்தையோடு வந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் இருந்தோம். பெட்டிகள் கட்டித் தயாராக நின்றன. "அம்மா, அந்தக் கோட்டைப் போட்டுக் காட்டுங்க, ஒரு போட்டோ எடுக்கறேன்" என்றாள் மகள்.

அத்தான் அதைப் புது அளவுக்குப் பிடித்துத் தைத்து உறைபோட்டு வைத்திருந்தார். போட்டுப் பார்க்கச் சொல்லும் வழக்கம் அவரிடம் கிடையாது. அளவெடுத்த பிறகு போட்டுப் பார்ப்பது தனக்கு அவமானம் என்று நினைக்கிறவர்.

அக்கா கையை நுழைத்தாள். தோளில் உட்கார்ந்தது. பட்டனைப் போட இழுத்தாள். வரவில்லை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். காஜாவுக்கும் பட்டனுக்கும் நடுவில் என் மூன்று விரல் போகும் இடைவெளி.

"அம்மா, கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே கப்பல் சாப்பாடு சாப்பிட்டீங்களா?" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அத்தான் சிரிக்கவில்லை. கழுத்திலிருந்த டேப்பை உருவி அக்காவை அளந்தார். மறுபடி அளந்தார். "அதே அளவுதான் காட்டுது. குறைஞ்ச அளவுதான் காட்டுது. கோட்டு எப்படி பத்தாம போகும்?"

எனக்குச் சுரீர் என்றது. ஒரே ஓட்டமாகக் கீழே போய், கோடு போடுகிற இரும்பு ஸ்கேலை எடுத்து வந்து தரையில் வைத்தேன். அவர் கையிலிருந்த டேப்பைப் பிடுங்கி அதன்மேல் நீட்டினேன். ஸ்கேலில் முப்பத்தாறு இன்ச் முடிகிற இடத்தில் டேப்பில் முப்பத்தி நாலரைதான் இருந்தது.

குழந்தை வாயில் விரலை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தது.

போன மழையில் கடைக்குள் சாரல் அடித்து அந்த டேப் ஊறிப்போனது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அத்தான் அதை ஈரத்தோடு ஆணியில் தொங்கவிட்டு, வழக்கம்போல முனையில் கத்தரிக்கோலை மாட்டினார். ஈர நூலை அந்தக் கனம் இழுத்து நீட்டிவிட்டது; நீண்ட டேப் எதையும் குறைத்துத்தான் காட்டும். அதற்குப் பிறகும் தினமும் இழுத்திருக்கிறது. ஆளை அளப்பதும் அதே டேப், துணியை அளப்பதும் அதே டேப் என்பதால், புதிதாகத் தைத்ததெல்லாம் சரியாகவே பொருந்தியது. ஒரு ஆள்கூடக் குறை சொல்லவில்லை. போன வருட அளவோடு ஒப்பிட்டால்தான் கோளாறு. அக்கா கோட்டை அவர் அளக்கவில்லை. அது எத்தனை இன்ச் என்று மனப்பாடமாகத் தெரியுமே என்று, வித்தியாசத்தை மட்டும் கணக்குப் போட்டுப் பிடித்துவிட்டார்.

"அப்ப பேக்கரிக்காரர் இளைக்கவே இல்லையா?" என்றேன்.

அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார், உடனே குழந்தை மாதிரி அழுதார். "ஒண்ணுமில்ல! உனக்கு ஒண்ணுமே இல்ல!" என்று அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு என்ன இருக்கணும்?" என்றாள் அக்கா.

எல்லாம் வெளியே வந்தது. ஒன்றரை இன்ச், அவர் அம்மா, டாக்டர் சான்று என்று சொன்ன பொய், டிக்கெட் எல்லாம். மகள் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா மட்டும் அசையாமல் நின்றாள். அவளும் சிரிப்பாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அடுத்து அவர் சொன்னதை என் காது நம்பவில்லை. "அப்ப இப்ப அவசரம் ஒண்ணுமில்லையே. கப்பல் கம்பெனிகிட்டப் பேசித் தேதியைத் தள்ளிப் போடலாம். கடையிலயும் வேலை கிடக்கு. அறுபத்தஞ்சு ஆனதும் நிம்மதியா..."

"அடப் பாவி மனுஷா!" என்று கத்திவிட்டேன். வாழ்நாளில் அவரை நான் அப்படிப் பேசியதில்லை. "உங்க நெஞ்சுல என்னதான் இருக்கு?"

அக்கா என்னைக் கையமர்த்தினாள். கோட்டைக் கழற்றி, பிரித்துவிட இடம் இருக்கிறதா என்று உட்பக்கம் திருப்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தையலுக்கு உள்ளே துணியே இல்லை. ஒட்ட வெட்டி எறியப்பட்டிருந்தது. ஊருக்கெல்லாம் தொப்பைக்கு இடம் விட்ட அரை இன்ச் மாஸ்டர், வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தன் மனைவிக்கு ஒரு நூல்கூட விடவில்லை.

"இளைச்ச உடம்புல தடிமனா இருந்தா உறுத்தும்னு..." என்று இழுத்தார்.

"அடுத்த வருஷம் எனக்குக் கிடையாதுன்னு முடிவே பண்ணிட்டீங்க" என்றாள் அக்கா.

அவர் கோட்டை வாங்கக் கை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லுங்க. டேப் சரியா காட்டியிருந்தா என்னை எப்பக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க?"

"அறுபத்தஞ்சு..."

"உண்மையைச் சொல்லுங்க."

அவர் தரையில் கிடந்த டேப்பைப் பார்த்தார். "போயிருக்க மாட்டேன்" என்றார். "கோட்டு தயாரா இருக்கு, எப்ப வேணா போகலாம்ங்கற நினைப்பே எனக்குப் போதும்னு இருந்துட்டேன்."

எனக்கு அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அக்கா சமையலறைக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நான் நாளைக்குப் போறேன். நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

அத்தான் இரண்டு கோட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்கு இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன். தன்னுடைய கோட்டை உட்பக்கம் திருப்பிப் போட்டு, இத்தனை வருடமாகத் தனக்காக விட்டுவைத்திருந்த துணியையெல்லாம் ஒட்ட வெட்டி எடுத்தார். அதை நீள நீளமாகத் தைத்துச் சேர்த்து, அக்கா கோட்டின் இரண்டு விலாவிலும் வைத்தார். உள்ளேயே கிடந்த துணி, வெயில் படாததால் இன்னும் புது நீலமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் வருடா வருடம் வெயிலில் உலர்த்தியதில் வெளுத்திருந்தது. ஒட்டு பளிச்சென்று தெரிந்தது. ஊசி இரண்டு தடவை உடைந்தது.

"மேல போய், போட்டுப் பாக்கச் சொல்லும்மா" என்று கோட்டை என்னிடம் நீட்டினார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

மறுநாள் காலை துறைமுக வாசலில் அக்கா அந்தக் கோட்டோடு நின்றாள். எல்லாப் பட்டனும் போட்டிருந்தாள். அத்தான் தன் கோட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் பெட்டியோடு, அவளுக்கு நாலடி பின்னால் நின்றார். கடைச் சாவி என் முந்தானையில் கனத்தது.

"கடையில புது டேப் வாங்கி வை" என்றாள் அக்கா.

"வாங்காம? அந்தப் பழசை அடுப்புல போட்டுக் கொளுத்தலாம்னு தேடினேன், கண்ணுல படல."

அக்கா கைப்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே அந்த டேப் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"ஐயோ, இதை எதுக்குக்கா எடுத்துட்டுப் போற? பொய்யான டேப்பு இது!"

"தெரியும். இனிமே வருஷா வருஷம் என்னை இதுலதான் அளக்கணும்னு இவர்கிட்ட சொல்லப் போறேன்" என்றாள். "கொஞ்சம் பயந்தே இருக்கட்டும்."

பின்னாலிருந்து அத்தான், "சரிம்மா" என்றார். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.